மெதெஜின் போகலாமா? கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில்

கொலம்பியாவின் மெதெஜின் நகரில் ஆறு வாரம் தங்கிவிட்டு வந்ததிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. அலுவலகத்தில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார், மளிகைக் கடையில் சில்லறைக்குக் காத்திருக்கும்போதும் கேட்கிறார்கள். பாதிப் பேர் போதைப்பொருள் கும்பல் தொடர் எதையாவது பார்த்துவிட்டுக் கேட்பவர்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேர் சொன்னதைக் கேட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் கொலம்பியா. அதன் அந்தியோக்கியா மாநிலத்தின் தலைநகர் மெதெஜின். நாட்டில் பொகோட்டாவுக்கு அடுத்த பெரிய நகரம். நகரில் மட்டும் சுமார் 25 லட்சம் பேர். பள்ளத்தாக்கின் பக்கத்து ஊர்களையும் சேர்த்தால் 40 லட்சத்தைத் தொடும். நம் பத்திரிகைகளில் 'மெடலின்' என்று அச்சாகும். அந்த ஊர்க்காரர்கள் உச்சரிக்கும்போது நடுவில் ஒரு 'ஜ' ஒலிக்கிறது. நான் அவர்கள் பக்கம். தங்களை 'பைசா' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நம் காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏறக்குறைய ஏற்காட்டின் உயரத்தில் ஒரு நீண்ட பள்ளத்தாக்கு, நடுவே ஆறு, இரு பக்கமும் மலைச்சரிவு முழுக்கச் செங்கல் வீடுகள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வியர்க்கவும் வியர்க்காது, குளிரவும் குளிராது. 'நிரந்தர வசந்தத்தின் நகரம்' என்று அவர்களே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். பட்டம் பொய்யில்லை, மழை நாட்களைத் தவிர.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆபத்தான ஊரா, இல்லையா?

1991-இல் கேட்டிருந்தால் 'போகாதீர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அந்த ஓர் ஆண்டில் அங்கே 6,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 380 கொலை என்ற கணக்கு. உலகிலேயே அதிகம் என்று எழுதப்பட்ட எண் அதுதான். 2023-இல் அதே நகரில் நடந்த கொலைகள் 400-க்கும் குறைவு. லட்சத்துக்கு 15-ஐத் தொடவில்லை.

இந்த எண்களைச் சொன்னதும் 'அப்படியானால் இப்போது பாதுகாப்பான ஊர்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. கைப்பேசித் திருட்டு தாராளமாக உண்டு. இரவில் கால் வைக்கக் கூடாத தெருக்கள் உண்டு. ஊருக்குப் புதியவரை அடையாளம் கண்டு ஏமாற்றுபவர்களும் உண்டு. நான் பயந்துகொண்டே இறங்கினேன்; மூன்றாம் நாள் பயம் போய்விட்டது, எச்சரிக்கை மட்டும் தங்கியது.

என்ன எச்சரிக்கை? 'பப்பாளி கொடுக்காதே' என்று ஏதோ சொன்னீர்களே?

கொலம்பியர்களின் வாயில் எப்போதும் நிற்கும் சொலவடை அது. 'நோ தார் பப்பாயா', அதாவது பப்பாளி கொடுக்காதே. உன்னைச் சுலபமான இரையாக நீயே தட்டில் வைத்து நீட்டாதே என்று பொருள். இதற்கு ஒரு தங்கச்சியும் உண்டு: 'வைத்த பப்பாளி, வெட்டிய பப்பாளி.' வெளியே வைத்தால் எவனாவது வெட்டித் தின்றுவிடுவான். அப்புறம் அழுது பயனில்லை.

நான் இதைக் கற்றது ஒரு நடைபாதைக் காப்பிக் கடையில். மேசை மேல் கைப்பேசியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கோப்பையில் 'தின்தோ' கொண்டுவந்த அம்மாள் (அங்கே பால் சேர்க்காத காப்பிக்கு அதுதான் பெயர்) கோப்பையை வைக்கவில்லை. முதலில் கைப்பேசியை எடுத்து என் சட்டைப் பைக்குள் செருகினார், பையை இரண்டு தட்டுத் தட்டினார், 'பப்பாளி கொடுக்காதீர்கள், என் அன்பே' என்றார். பிறகுதான் காப்பி. தெரு ஓரத்தில் இருவர் ஏறிய மோட்டார் சைக்கிள் ஒன்று மெல்லப் போய்க்கொண்டிருந்ததை அவர்தான் கண்ணால் காட்டினார். அவர்கள் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் கைப்பேசிப் பறிப்பு பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள்: தெருவில் கைப்பேசியைப் பார்த்தபடி நடக்காதீர்கள், கடைக்குள் நுழைந்து பாருங்கள். நகை வேண்டாம். இருட்டியபின் நகரின் பழைய மையப் பகுதியில் உலாவாதீர்கள். யாராவது மிரட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வீரம் காட்டும் இடம் அதுவல்ல.

மயக்க மருந்தைத் தூவிக் கொள்ளை அடிப்பார்கள் என்பது உண்மையா?

உண்மை, கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்ட உண்மை. மருந்தின் பெயர் ஸ்கோபொலமின். நம் ஊர் ஊமத்தையில் இருக்கும் அதே நஞ்சு. அங்கே ஊமத்தையின் உறவுக்கார மரம் ஒன்று எக்காளம் போன்ற பூவோடு வீட்டுத் தோட்டங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காற்றில் ஊதினால் ஆள் பொம்மையாகிவிடுவான் என்பது வாய்வழிக் கதை. நடப்பில் அது பானத்தில் கலக்கப்படுகிறது.

2023-இன் கடைசி இரண்டு மாதங்களில் மெதெஜினில் அமெரிக்கர்கள் 8 பேர் சந்தேகத்துக்கிடமான முறையில் இறந்தார்கள். அதையடுத்து 2024 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகம் தன் குடிமக்களை எச்சரித்தது. எச்சரிக்கை எதைப் பற்றித் தெரியுமா? துணை தேடும் செயலிகளில் பழகியவரை நம்பித் தனியே போகாதீர்கள் என்று. ஆக, மருந்துக்குப் பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவர் நீட்டும் குவளையை வாங்காமல் இருந்தால் போதும்.

இவ்வளவு கெட்ட பெயர் எப்படி வந்தது? எல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டதா?

இல்லை. அந்தப் பெயருக்கு அந்த ஊர் கொடுத்த விலை அதிகம். மெதெஜின் அடிப்படையில் ஆலைகளின் நகரம். கொல்தெஹேர் என்ற ஜவுளி நிறுவனத்தின் ஊசி வடிவக் கட்டடம் இன்றும் நகர மையத்தில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. கிராமங்களில் உள்நாட்டு வன்முறை துரத்தத் துரத்த மக்கள் ஓடிவந்து மலைச்சரிவுகளில் குடிசை போட்டார்கள். ஆலைகள் தளர்ந்தன, மேலே வேலையில்லாத பையன்கள் குவிந்தார்கள். அந்த நேரத்தில்தான் கொக்கெய்ன் பணம் வந்தது. கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் கும்பல் காவலர் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தது. சுட்டவர்களில் பலர் மீசை முளைக்காத பிள்ளைகள்.

1993 டிசம்பர் 2 அன்று எஸ்கோபார் இதே நகரில் ஓர் ஓட்டுக் கூரை மேல் சுட்டுக் கொல்லப்பட்டான். அத்தோடு எல்லாம் அடங்கிவிடவில்லை. அதற்கு என் சாட்சி ஒரு பறவை.

சான் அந்தோனியோ சதுக்கத்தில் பெர்னாண்டோ பொதேரோவின் வெண்கலப் பறவை ஒன்று இருக்கிறது. பொதேரோ இந்த ஊரில் 1932-இல் பிறந்தவர். எல்லாவற்றையும் கொழுகொழுவென்று படைத்த கலைஞர். 1995 ஜூனில் அந்தச் சதுக்கத்தில் இசை விழா நடந்துகொண்டிருந்தபோது, பறவையின் அடியில் யாரோ வைத்த குண்டு வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சிலையை அகற்றலாம் என்றபோது பொதேரோ மறுத்தார். கிழிந்தது கிழிந்தபடியே நிற்கட்டும் என்றார். 2000-இல் அதே போன்ற முழுப் பறவை ஒன்றைச் செய்து பக்கத்தில் வைக்கக் கொடுத்தார். இன்று இரண்டும் அருகருகே நிற்கின்றன. உடைந்த பறவையின் வயிற்றில் வெண்கலம் வாழை இலை காற்றில் கிழிந்தது போல வெளிப்பக்கம் சுருண்டிருக்கிறது. நான் போன அன்று அதன் நிழலில் ஒருவர் வெட்டிய மாங்காய் விற்றுக்கொண்டிருந்தார்.

பிறகு எப்படி மாறியது?

இதற்கு ஒற்றைப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

முதலில் வெளிச்சமான பாதி. 1995 நவம்பரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கட்டப்பட்ட ரயில் என்பதால் அதன் மேல் அவர்களுக்கு ஒரு வாஞ்சை. பெட்டிக்குள் யாரும் தின்பதில்லை, இருக்கையைக் கிறுக்குவதில்லை. 'மெட்ரோ பண்பாடு' என்றே அதற்குப் பெயர்.

ஆனால் ரயில் ஓடுவது பள்ளத்தாக்கின் அடியில். ஏழைகள் இருப்பது மேலே. 2004-இல் அசெவேதோ நிலையத்திலிருந்து சான்தோ தொமிங்கோ குன்றுக்குக் கம்பிவட ஊர்தி விட்டார்கள். பனிச்சறுக்குக்காரர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிக்கொண்டிருந்த சாதனத்தை, வேலைக்குப் போகிறவர்களின் அன்றாட வண்டியாக ரயிலோடு இணைத்துக் காட்டியது இந்த ஊர். ரயிலில் வந்தவர் தனி டிக்கெட் இல்லாமல் அப்படியே ஏறிக்கொள்ளலாம்.

ஒரு கூண்டில் எட்டுப் பேர் உட்காரலாம். நான் ஏறியபோது வாழைத்தார் பையோடு ஓர் அம்மாள், பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள், சிமெண்டுத் தூசி படிந்த பூட்ஸுடன் ஒரு கொத்தனார். கால்களுக்குக் கீழே தகரக் கூரைகள், காற்றில் பறக்காமலிருக்க அவற்றின் மேல் செங்கற்கள், ஒரு கூரையில் உறங்கும் நாய், ஒரு மாடியில் துவைத்த பள்ளிச் சட்டைகள் வரிசையாக. ஒருவர் வீட்டு அடுப்பங்கரைக்குள்ளேயே பார்வை விழுகிறது, சங்கடமாக இருந்தது. முன்பெல்லாம் படி இறங்கி, பஸ் பிடித்து, நெரிசலில் நசுங்கி வேலைக்குப் போக விடியுமுன் எழ வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். இப்போது விடிந்தபின் எழுகிறாராம். இதைவிட நன்றாக ஒரு திட்ட அறிக்கை எழுத முடியாது.

அதே 2004-இல் மேயராகப் பொறுப்பேற்ற செர்ஹியோ ஃபஹார்தோ ஒரு கணிதப் பேராசிரியர். நகரின் மிக ஏழைப் பகுதிகளில்தான் மிக அழகான கட்டடங்கள் எழ வேண்டும் என்பது அவர் கொள்கை. பூங்காவோடு சேர்ந்த நூலகங்கள் குன்றுகளில் எழுந்தன. (அவற்றில் புகழ்பெற்ற எஸ்பான்யா நூலகம் கட்டுமானக் கோளாறால் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. அழகு மட்டும் கட்டடத்தைத் தாங்காது.) பணம் எங்கிருந்து? மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் வழங்கும் இ.பி.எம். நிறுவனம் நகராட்சிக்கே சொந்தம். அதன் லாபத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் நகரத்துக்கு வருகிறது. சிங்கப்பூர் வழங்கும் லீ குவான் யூ உலக நகரப் பரிசு 2016-இல் மெதெஜினுக்குப் போனது இந்த வேலைகளுக்காகத்தான்.

இனி இருண்ட பாதி. ஃபஹார்தோ காலத்தில் கொலைகள் குறைந்ததற்கு நூலகமும் ஊர்தியும் மட்டும் காரணமில்லை. தொன் பெர்னா என்ற ஒரே தாதா நிழலுலகம் முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தான். போட்டிக் கும்பல் இல்லாததால் சுடுவதற்கு ஆளில்லை. ஊரார் இதைக் கேலியாக 'தொன்பெர்னபிலிதாத்' என்றார்கள். ஸ்பானிய மொழியில் நல்லாட்சிக்கான சொல்லோடு அவன் பெயரைக் கோத்த சொல் அது. 2008-இல் அவனை அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். வாரிசுச் சண்டையில் கொலைகள் மறுபடி மடமடவென்று ஏறின. பின்னர்தான் மெல்ல இறங்கின.

இன்றும் பல பேட்டைகளில் கும்பல்கள் கடைக்காரர்களிடம் மாமூல் வாங்குகின்றன. அந்த மாமூலுக்கு அங்கே 'வாக்குனா', அதாவது தடுப்பூசி என்று பெயர். போட்டுக்கொண்டால் நோய் வராது. சுற்றுலாப் பயணியின் கண்ணில் இது படாது. பேட்டைக் கடைக்காரர் மறக்கவும் மாட்டார்.

கொமுனா 13 என்ற இடத்தின் படங்களைப் பார்த்தோம். சுவரோவியம், நகரும் படிக்கட்டு. போகலாமா?

தாராளமாக. கூட்டம் அலைமோதும், இசை காதைக் கிழிக்கும், பழப்பனிக்கட்டி விற்பார்கள், பையன்கள் தலைகீழாகச் சுழன்று ஆடுவார்கள். 2011 டிசம்பரில் திறந்த அந்தத் திறந்தவெளி நகரும் படிக்கட்டு ஆறு பகுதிகளாக 384 மீட்டர் ஏறுகிறது. அதற்கு முன் 28 மாடி ஏறுவதற்குச் சமமான படிகளை மக்கள் காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நில்லுங்கள். 2002 அக்டோபர் 16 அன்று, அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கெரில்லாக் குழுக்களை விரட்டுவதாகச் சொல்லி, ராணுவமும் போலீஸும் ஹெலிகாப்டர்களோடு இந்தப் பேட்டைக்குள் நுழைந்தன. ஒரியோன் நடவடிக்கை என்று பெயர். கெரில்லாக்கள் போனார்கள், அந்த இடத்தை வலதுசாரித் தனியார் ஆயுதக் கும்பல்கள் பிடித்தன, இளைஞர்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள். எதிரே தெரியும் லா எஸ்கோம்ப்ரேரா என்ற கட்டட இடிபாட்டு மேட்டில்தான் எங்கள் பிள்ளைகளைப் புதைத்திருக்கிறார்கள் என்று தாய்மார்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாரிகள் அதன் மேல் மேலும் மேலும் இடிபாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தன. 2024 டிசம்பரில் முதல் எலும்புகள் கிடைத்தன.

அடுத்த மாதமே 'கிழவிகள் சொன்னது சரி' என்ற வாசகத்தோடு நகரில் ஒரு சுவரோவியம் தோன்றியது. கிழவி என்று நான் பெயர்த்தது, அங்கே பேச்சு வழக்கில் அம்மாவையும் வயதான பெண்களையும் சுட்டும் உரிமையான சொல். நகராட்சி அதன் மேல் சாம்பல் வண்ணம் பூசி மறைத்தது. மக்கள் திரண்டு வந்து மறுபடி எழுதினார்கள்.

வழிகாட்டி வேண்டுமென்றால் அந்தப் பேட்டையிலேயே வளர்ந்தவரைப் பிடியுங்கள். வெளியாட்கள் வண்ணங்களை மட்டும் காட்டுவார்கள்.

எஸ்கோபாரின் வீடு, கல்லறை இதெல்லாம் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை. அவன் குடும்பம் வாழ்ந்த மொனாக்கோ கட்டடத்தை 2019 பிப்ரவரியில் நகராட்சி வெடி வைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் நினைவுப் பூங்கா ஒன்று இருக்கிறது. அதன் கருஞ்சுவரில் 46,612 துளைகள், 1983 முதல் 1994 வரை அந்தப் போர் தின்ற உயிர்களுக்கு ஆளுக்கொன்று. அங்கே போங்கள். அவன் முகம் அச்சிட்ட பனியனை அணிந்துகொண்டு தெருவில் நடக்கும் வெளிநாட்டவரை உள்ளூர்க்காரர் பார்க்கும் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனை இழந்தவரா, தந்தையை இழந்தவரா, எதிரே வருபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

நான் ஆண், என் சொல்லுக்கு இதில் அரை மதிப்புதான். தங்கும் விடுதியில் தனியாக வந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பகலில் ரயில், இரவில் செயலி வழியே கார் என்று நிம்மதியாகச் சுற்றினார்கள். அதே வாழைத்தார் அம்மாளிடம் நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. 'அங்கே பெண்களுக்கு ரொம்ப ஆபத்தாமே, செய்தியில் காட்டினார்கள். உங்கள் அம்மா எப்படி வெளியே போகிறார்?' என்று கேட்டார். பஸ்ஸில் போகிறார் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எந்தப் பகுதியில் தங்குவது?

எல்லோரும் எல் பொப்லாதோ என்பார்கள்: மேட்டுக்குடி, மதுக்கூடங்கள், ஆங்கிலம். எனக்கு லௌரேலெஸ் பிடித்தது: மர நிழல், சமதளம், மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் மனிதர்கள். வெளிநாட்டுச் சம்பளத்தில் மடிக்கணினியோடு வந்து மாதக்கணக்கில் தங்குவோரால் இரு இடங்களிலும் வாடகை ஏறி, உள்ளூர்க்காரர்கள் வீடு மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு வாரம் தங்கிய நானும் அந்தக் கணக்கில் சேர்ந்தவன்தான்.

இன்னொன்றும் உண்டு. சிறுமிகளைத் தேடி வரும் வெளிநாட்டு ஆண்களால் அந்த ஊர் தலைகுனிந்து நிற்கிறது. 2024-இல் எல் பொப்லாதோவில் பாலியல் தொழிலுக்கு மேயர் தற்காலிகத் தடை போட வேண்டியதாயிற்று. 'அந்த ஊர் நமக்கு ஆபத்தா' என்றே எல்லோரும் கேட்கிறார்கள். நம்மைப் போல் விமானத்தில் இறங்குகிறவர்களால் அந்த ஊருக்கு என்ன ஆபத்து என்று யாரும் கேட்டதில்லை.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

தேசியப் பெருமை 'பந்தேஹா பைசா': ஒரே தட்டில் சிவப்புப் பயறு, சோறு, கொத்துக்கறி, பொரித்த பன்றித்தோல், முட்டை, பழுத்த வாழை வறுவல், வெண்ணெய்ப்பழம், மேலே ஒரு சோள அடை. ஒருவர் தின்றால் மாலை வரை பசிக்காது. சைவர்கள் இதில் பயறைக்கூட விசாரித்துத்தான் தொட வேண்டும். பன்றி சேர்த்து வேக வைப்பது வழக்கம். சோள அடை, தட்டி நசுக்கிப் பொரித்த வாழைக்காய், சோறு, வெண்ணெய்ப்பழம் என்று ஒப்பேற்றலாம். காய் மாங்காயை நீளமாகச் சீவி உப்பும் எலுமிச்சையும் பிழிந்து தெருவில் தருகிறார்கள். மிளகாய்த்தூள் இல்லை என்ற குறை மட்டும்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

ஸ்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் பாதி ருசி போய்விடும். எண்களும் 'தயவுசெய்து'வும் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரம்மா 'என் அன்பே' என்றால் மயங்காதீர்கள். நம் காய்கறிக்காரம்மா 'கண்ணு' என்பதைப் போலத்தான் அது.

எப்போது போவது?

ஆகஸ்ட் தொடக்கத்தில் மலர் விழா. சான்தா எலேனா மலைக் கிராமத்து விவசாயிகள் பெரிய மலர் வட்டங்களை முதுகில் கட்டிய மர நாற்காலியில் சுமந்து ஊர்வலம் வருவார்கள்; 1957 முதல் நடக்கிறது. அதே முதுகு நாற்காலியில் ஒரு காலத்தில் அவர்களின் முன்னோர் மனிதர்களைச் சுமந்து மலை ஏறினார்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் குடை வேண்டும்.

என்ன வாங்கி வந்தீர்கள்?

காப்பிக்கொட்டை இரண்டு கிலோ. பிறகு 'பனேலா' நான்கு கட்டி. கரும்புச் சாறைக் காய்ச்சி அச்சில் ஊற்றியது. அதை வெந்நீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து எந்நேரமும் குடிக்கிறார்கள். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அம்மா ஒரு கட்டியை எடுத்தார். நான் கிளம்பும்போது, சுட்டுவிடுவார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர். உறையைப் பிரித்து முகர்ந்து, ஓரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தார்.

'இது நம் வெல்லம்தானே? இதற்காகவா அவ்வளவு தூரம் போனாய்?' என்றார்.